பதினாறு மணித்தியாலப் பறப்பு

அம்மாவின் நல்லடக்கத்துக்கு மாமா நேரம் குறித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

அம்மா மன்னார் கீரிக் கிராமத்தில், எங்கள் வீட்டில் காலமானார். தம்பி ரொறன்ரோவில் இருந்தான். செய்தி கேட்டதும் கிடைத்த முதல் விமானத்துக்கு ரிக்கற் எடுத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, நான் வந்து முகம் பாக்குமட்டும் பெட்டியை மூடாதேங்கோ."

வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்துசேரும்வரை பிரேதத்தை வீட்டில் வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எவ்வளவு நேரம் என்பதை மட்டும் மூத்த ஆண்கள் தீர்மானிப்பார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பந்தலுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் தட்டினார். ஏறத்தாழப் பதினாலாயிரம் கிலோமீற்றர், பதினாறு மணித்தியாலப் பறப்பு என்று வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் ஓடிவரும் ஆறு மணித்தியாலத்தையும் மறக்காமல் கூட்டினார். மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம் என்று தெருவில் கட்டும் துணிப் பனர் அடிக்கக் கொடுத்தார். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவும் புறப்பட்டுவிட்டது.

தம்பி அனுப்பிய ரிக்கற்றை அவரிடம் காட்டினேன்.

"நேரே வாற விமானமே இல்லை, மாமா. தோகாவில இறங்கிப் பத்து மணித்தியாலத்துக்கு மேல நிண்டு மற்றதில ஏறவேணும். கட்டுநாயக்காவுக்கே நாளைக்கு இரவுதான் வருவான்."

"விமானம் என்ன, மன்னார் பஸ்ஸே, நிண்டு நிண்டு வர?"

"ஓம், நிண்டுதான் வரும். இதில போட்டிருக்கு, பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. "பனர் கட்டியாச்சு, பிள்ளை. உயிலங்குளத்துச் சனம் வான் பிடிச்சு வருகுது. அதுகளுக்கு என்னத்தைச் சொல்லுறது? பங்குச் சுவாமியும் வேற நேரம் தரமாட்டார். தம்பி வீடியோவில பாக்கட்டும்."

வீடியோவில் பாக்கட்டுமாம். மின்கம்பத்தில் கட்டிய துணிக்கு இருந்த மதிப்பு அம்மா பெற்ற பிள்ளைக்கு இல்லை. அந்தப் பதினாறு மணித்தியாலம் யாரும் ஏறிவந்து பார்த்த கணக்கல்ல. நடுவில் எங்கும் இறங்காத, இல்லாத ஒரு விமானத்தின் கணக்கு. இருக்கிற விமானத்தின் ரிக்கற் என் கையில் இருந்தது. அதை வாசிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். சுவாமி ரிக்கற்றை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"நாலு மணி எண்டு வந்து சொன்னவை, நான் ஓமெண்டனான். மகன் வரேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே அம்மா. நாளையிண்டைக்குக் காலமைப் பூசையோட அடக்குவம்."

அவ்வளவுதான். பெட்டிக்காரரைக் கேட்டேன். மருந்து ஏற்றிய உடம்பு, இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்றார். இந்த இரண்டு பேரிடமும் கேட்காமலா மாமா என் தம்பிக்கு அம்மாவின் முகத்தை மறுக்கத் துணிந்தார்?

புது நேரத்தை அறிவிக்க ஒலிபெருக்கி ஓட்டோவை நானே மறுபடி அனுப்பினேன். மாமா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். வந்தவர்களிடமெல்லாம், "பிளேன் லேற்றாம், அதுதான் தள்ளிப்போட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கநாள் விடியற்காலையில் தம்பி வந்து இறங்கினான். பெட்டியருகே முழந்தாளிட்டு அம்மாவின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தான். நெடுநேரம் எடுக்கவில்லை. ஒருவரும் அவனை அவசரப்படுத்த நான் விடவில்லை.

"பிளேன் சரியான லேற்றாமே?" என்று சனம் என்னிடம் கேட்டது. விமானம் சொன்ன நேரத்துக்கே இறங்கியது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன், மாமாவின் காதில் விழக்கூடிய தூரத்தில் நின்று.