மதிலுக்குக் கீழே மதில் இல்லை

என்னுடைய வேலைக்கு மூன்று சாமான்கள் வேண்டும். ஒன்று, ஈசி மீற்றர். தண்ணீருக்குள் பிடித்தால் அதில் எவ்வளவு உப்பு என்று எண்ணில் காட்டும்; எண் கூடக் கூடத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். இரண்டு, கிணற்றின் நீர்மட்டம் பார்க்க முடிச்சுப் போட்ட கயிறு. மூன்று, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயிறு. கிணறு பார்க்கப் போகிற வீடெல்லாம் தேத்தண்ணி தருவார்கள். மறுத்தால் அடுத்த முறை கேற் திறக்கப் பிந்தும்.

நான் நீர்வளத் தொழில்நுட்பம் படித்தவள். வீடு கரம்பொன், அலுவலகம் ஊர்காவற்றுறை; யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுப் பகுதி. பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போனால், “காலநிலை மாற்றத்துக்கு எங்களைப் போல ஆக்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்கள். இறுப்பிட்டியில் நடந்ததைச் சொல்வதுதான் என்னிடமுள்ள நல்ல பதில்.

1. கோட்டுக்கா, கிணற்றடிக்கா

இறுப்பிட்டியும் இந்தத் தீவுகளில்தான். அங்கே ஓர் இளைஞர் கழகம். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள். முதல் நாள் வெண்பலகையில் ஒரு தீவைக் குறுக்காக வெட்டிய படம் வரைந்தேன். தீவுகளில் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்தப் படையை. மழை தவறினாலும், கடல் உயர்ந்தாலும், மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தாலும் படை மெலியும், உப்பு மேலே வரும்.

முன்வரிசையில் இருந்த துளசிகா கை உயர்த்தினாள்.

“அக்கா, மோட்டர் எங்கட பிழை. சரி. மழை தவறுறதும் கடல் உயருறதும் ஆரின்ரை பிழை? எங்கட ஒழுங்கையிலை ஒருத்தரிட்டையும் கார் இல்லை.”

“கூடுதலாப் புகை விட்டது பணக்கார நாடுகள். முதல்லை அடி விழுறது எங்களைப் போல இடங்களுக்கு. அதைச் சரிசெய்யக் கேக்கிறதுக்குத்தான் காலநிலை நீதி எண்டு பேர்,” என்றேன்.

“நீதியெண்டா கோட்டுக்குப் போகோணுமோ அக்கா?” இது பின்வரிசை நிரோஜன். எதைக் கேட்டாலும் ஒரு பகிடி வைத்திருப்பான்.

“முதல்லை கிணத்தடிக்குப் போவம்.”

2. ஒழுங்கைக் கிணறு

துளசிகாவின் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லா வீட்டுக்கும் குடிதண்ணீர் ஒரு பொதுக் கிணறு. ஒவ்வொரு முறையும் மீற்றரைப் பிடிக்கும்போது எண் முந்தினதைவிடக் கூடியிருந்தது. துளசிகாவின் அம்மா வாளியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“உந்த மெசின் சொல்ல முந்தியே நாக்குச் சொல்லிப்போட்டுது, பிள்ளை. இதுவும் முழுக்கச் சவராகினா யாழ்ப்பாணத்திலை வாடகைக்குப் போறதுதான். பவுசர் வண்டித் தண்ணியை நம்பிக் குடும்பம் நடத்தேலாது.”

துளசிகா கயிற்றைத் தேவைக்கு மேலே இறுக்கிச் சுற்றினாள்.

கிணற்றை ஒட்டி ஒரு நீண்ட மதில். அதற்குள் ஒரு பெரிய வீடு. பரமலிங்கம் என்பவரின் தகப்பன் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டியது. பரமலிங்கம் வெளிநாட்டில், ரொறன்ரோவில். வீடு பூட்டு. திறப்பு ராசன் அண்ணையிடம். வளவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஒழுங்கை வீடுகளின் கூரைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு கூரைக்குக் காணாது. மாரியில் அதிலிருந்து கொட்டுகிற நல்ல தண்ணீர் ஒழுங்கையில் கணுக்காலளவு ஓடிக் கடலுக்குப் போகும். பிள்ளைகள் அதற்குள்ளால் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள்.

என் திட்டம் நேரானது: கூரை விளிம்பில் தண்ணீர் ஏந்தும் பழைய பீலியைத் திருத்துவது, மதிலில் ஒரு துளை, பைப், வடிகட்டி, பொதுக் கிணறு.

3. ரொறன்ரோ அழைப்பு

ராசன் அண்ணை கேற்றைத் திறந்து வளவுக்குள் இருந்த கிணற்றடி வரை துளசிகாவையும் நிரோஜனையும் என்னையும் விட்டார். அங்கிருந்து தன் ஃபோனில் வீடியோ அழைப்பு எடுத்துத் தந்தார். பரமலிங்கம் தடித்த ஸ்வெற்றரோடு குசினியில் இருந்தார். நான் திட்டத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“நல்ல விசயம்தான், பிள்ளை. ஆனா மதிலிலை ஓட்டை போட விடமாட்டன். இண்டைக்குத் தண்ணிப் பாதை எண்டுவினம். நாளைக்கு ஆள் பாதை எண்டுவினம். எங்கட ஐயா கட்டின மதில்.”

“மாமா, அந்தப் பைப்புக்குள்ளாலை நான்கூடப் போகேலாது,” என்றான் நிரோஜன்.

அவர் சிரிக்கவில்லை. காணி எல்லைச் சண்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பகிடியில்லை. வேறு கூரை பார்க்கலாம் என்று நினைத்து, நன்றி சொல்லி முடிக்கப் போனேன். துளசிகா ஃபோனைக் கேட்டு வாங்கினாள்.

“மாமா, மதிலைத் தொடமாட்டம். உங்கட கூரைத் தண்ணியை உங்கட கிணத்துக்கையே விடுவம்.”

“அப்ப உங்களுக்கு என்ன லாபம்?”

“உங்கட மதில் நிலத்துக்குக் கீழை எவ்வளவு போகுது?”

“ராசன், அத்திவாரம் எவ்வளவடா?”

“முழங்காலளவு இருக்கும், அண்ணை.”

“அதுக்குக் கீழை மதில் இல்லை, மாமா. உங்கட கிணறும் எங்கட கிணறும் ஒரே தண்ணிதான். இப்ப ரெண்டும் சவர்.”

“எங்கட கிணறு சவரோ? ஊரிலை ஆர் வந்தாலும் ஐயா அந்தத் தண்ணியிலைதான் தேத்தண்ணி குடுக்கிறவர்.”

நான் மீற்றரைப் பிடித்துக் காட்டினேன். “எனக்கு உந்த மெசின் விளங்காது. ஆரும் குடிச்சுச் சொல்லுங்கோ,” என்றார். நிரோஜன் ஒரு மிடறு குடித்தான். அவன் முகம் போன போக்கை ராசன் அண்ணை கவனமாகக் கமராவுக்குக் காட்டினார்.

“மாமா, எவ்வளவு சீனி போட்டாலும் சரிவராது.”

பரமலிங்கம் ஃபோனுக்குக் கிட்ட வந்தார். “உது எப்பிடிச் சவராகினது?”

“நாங்களும் அளவுக்கு மிஞ்சி இறைச்சிட்டம். உங்கட பிழையும் கொஞ்சம் இருக்கு, மாமா,” என்றாள் துளசிகா. “அங்கை வீடு சூடாக்கிறியள், கார் ஓடுறியள். குளிருக்கு என்ன செய்யிறது, குற்றம் சொல்லேல்லை. ஆனா அந்தப் புகைக்கும் மதில் இல்லை. வந்து விழுறது எங்கட கிணத்துக்கை.”

ராசன் அண்ணை மெல்ல வானத்தைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை ஆரின்ரை?” என்று கேட்டார் பரமலிங்கம்.

“கடைசி வீட்டுச் சந்திரன்ரை மகள், அண்ணை.”

“அதுதானே பாத்தன். சந்திரனும் உப்பிடித்தான், விட்டுக்குடாமல் கதைப்பான்.” இப்போது சிரித்தார். “ராசன், பிள்ளையளுக்கு வீட்டைத் திறந்து விடு. ஆனா மதிலிலை ஒரு கல்லும் அசையப்படாது.”

4. பீலிக்குள் இருந்தவை

பழைய பீலியைத் துப்புரவாக்க நிரோஜன் ஏணியில் ஏறினான். உள்ளே ரெனிஸ் பந்துகள். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி மதிலுக்கு மேலால் போன பந்துகள் எல்லாம் அங்கேதான் அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கீழே எறிந்து, அடித்த ஆளின் பெயரையும் சொன்னான். பாதிக்கு மேல் அவன் பெயர்தான்.

வேலை ஒழுங்கு இது: பீலியும் பைப்பும், முதல் மழையின் ஊத்தைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு, சல்லி, மணல், கரி போட்ட வடிகட்டித் தொட்டி, கடைசியில் கிணறு. மேசன் வேலைக்கு மட்டும் வெளியாள். மற்றதெல்லாம் கழகப் பிள்ளைகள்.

மாரி வந்தது. முதல் மழையை வெளியே விட்டோம். அடுத்த மழைக்கு வால்வைத் திருப்பினாள் துளசிகா. பரமலிங்கம் தானாகவே அழைத்தார். “படம் வேண்டாம். ஃபோனைக் கிணத்து வாயிலை பிடியுங்கோ,” என்றார். தண்ணீர் விழுகிற சத்தத்தை ராசன் அண்ணையின் குடைக்குக் கீழே நாங்களும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

5. கற்றுக்கொண்டது

ஒரு மாரியில் தீவு திருந்தாது. புகை விட்ட நாடுகளின் கடனும் இதனால் தீராது. அதைக் கேட்கத்தான் வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் அடுத்த கோடையில் பொதுக் கிணற்றில் மீற்றர் காட்டிய எண் முந்தின கோடையைவிடக் குறைவு. பரமலிங்கம் ரொறன்ரோவிலிருக்கிற மற்ற ஊராட்களுக்கு அழைப்பு எடுத்து, “மதிலைத் தொடமாட்டினம், நான் பொறுப்பு,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு பூட்டிய வீடுகள் திறந்திருக்கின்றன. அந்த வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை. பிள்ளைகள் பேசினார்கள்.

நான் கற்றது இதுதான். படம் வரைந்து விளங்கப்படுத்துவது என் வேலையின் பாதி. விளங்கியவர்களின் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்பது மற்றப் பாதி. நீங்கள் எந்த ஊரென்றாலும், உங்கள் தண்ணீர் எங்கே வீணாகிறது, அதன் திறப்பு ஆரிடம் என்று பாருங்கள். பிறகு கேளுங்கள். ஆரின்ரை பிள்ளை என்று விசாரிப்பார்கள். தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

அந்தக் கோடையில் துளசிகாவின் அம்மா எங்களைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணம் போகிற கதையை இந்த வருடம் எடுக்கவில்லை. வரும் வருடத்தை வரும் வருடம் பார்க்கலாம் என்றார். பொதுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எல்லோரும் நிரோஜனின் முகத்தைப் பார்த்தோம். அவன் ஆற அமரக் குடித்தான், கோப்பையைக் கீழே வைத்தான்.

“அன்ரி,” என்றான், “சீனி காணாது.”