கேக் மேல் ஒரு தெரு

முதலாளி கேக்கை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "ஸ்டெல்லாக்கா, இது எந்தத் தெருங்க?" என்று கேட்டார். மறுநாள் மாலை டெலிவரி.

காரைக்காலில் கேக் அலங்காரம் செய்தே என் தலை நரைத்துவிட்டது. ரோஜாப்பூவும் பெயர் எழுதுவதும் கை தானாகச் செய்யும். படம் மட்டும் வரைந்ததில்லை. ஒரு பெண், தன் பெற்றோரின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு, அவர்கள் குடியிருக்கும் தெருவையே கேக் மேல் வரைந்து தரச் சொல்லி, போனில் போட்டோ அனுப்பியிருந்தாள். இருக்கிற கலரையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுவருக்கும் அதனதன் நிறத்தைப் பூசினேன். மிட்டாய்க் கடை மாதிரி ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் அந்தத் தெருவுக்கே போனேன். மாதா கோயிலுக்குப் பக்கத்தில்தான். மூடியிருந்த மருந்துக்கடை முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிறமெல்லாம் அடங்கிப்போய், வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம், நடுவில் வெளுத்த ரோடு மட்டும் தெரிந்தது. போட்டோவில் இதை நான் கவனிக்கவே இல்லை.

காலையில் கேக்கின் மேல் போர்த்தியிருந்த ஃபாண்டன்ட்டை, அதாவது சர்க்கரை மாவு விரிப்பை, உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தினேன். கோகோ, மஞ்சள், சிவப்பு மூன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டேன்.

"நீலம் இல்லாம வானம் எப்படிக்கா?" என்றார் முதலாளி.

"வெள்ளையாவே விட்டுடறேன். நம்ம ஊரு வெயில்ல நீலம் எங்கங்க தெரியுது?"

தண்ணீர் பட்டால் சர்க்கரை கரையும் என்பதால் கலரை, சீக்கிரம் காய்ந்துவிடும் வெனிலா எசன்ஸில் குழைத்தேன். நிழல் பக்கம் முழுக்க கோகோவை ஒரே இழுப்பாக இழுத்தேன். ஜன்னல்களுக்கு அதையே கெட்டியாக வைத்தேன். வெயில் பக்கத்துக்கு மஞ்சளை நீர்க்கப் பூசினேன். ரோட்டைத் தொடவே இல்லை. நடந்துபோகும் ஒருத்தியின் புடவைக்கு மட்டும் சிவப்பு, ஒரே கோடு. அதை இழுத்தபோது, சரியாக வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

கேக்கோடு நானும் போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவிதான் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம தெருதாங்க. நாலு மணி இருக்கும். நிழலு இன்னும் எதுத்த வீட்டுப் படி ஏறல" என்றார்.

"அப்ப நீ காப்பி போடற நேரம்" என்றார் பெரியவர். வீடே சிரித்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கலர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், வெயில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு மூன்று நிறமே தாராளம்.