மலையின் கால்

கிணற்றுக்கு இடம் குறித்தது நான்தான். நிலவியல் படித்த மகள் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது என்பது அம்மாவின் எண்ணம். அஞ்சுகிராமத்தை அடுத்த எங்கள் ஊரில் தெருக்குழாய் வற்றிப் போனதிலிருந்து, அவள் தினமும் சர்ச் பைப்பிலிருந்து இரண்டு குடம் சுமந்தாள். மூட்டுவலி வேறு.

நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒன்று, வீட்டுக்குப் பின்னால் மொட்டைப் பாறைக்குன்று. இரண்டு, மழைநீர் அதில் தங்காது, வழிந்துவிடும். மூன்று, வழிந்து வந்து சேருவது எங்கள் தென்னை விளையின் மேல்மூலை. அங்கேயே தோண்டச் சொன்னேன்.

ஒன்பதாவது அடியில் கடப்பாரை ணங்கென்றது. தோண்டியவன் என்னோடு பள்ளியில் படித்தவன். குழிக்குள்ளிருந்தே கத்தினான்.

"ஏட்டி, மேல உள்ளத மட்டும் பாத்தியா? மலைக்குக் காலும் உண்டும்!"

"இன்னும் ரெண்டு அடி பாருலே."

"நீ வந்து பாரு. கீறல் ஒண்ணு காட்டு, நான் தோண்டுகேன்."

கயிற்றைப் பிடித்து இறங்கினேன். வழுவழுவென்று ஒரே கல். விரலால் தடவியும் வெடிப்பு இல்லை.

இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்தவை. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே வந்தவை. வெடிப்பு இருந்த இடங்களில் மழை புகுந்து கல்லை உளுத்துப்போகச் செய்து மண்ணாக்கியது. வெடிப்பு இல்லாதது குன்றாக மிஞ்சியது. அது இத்தனை கோடி ஆண்டுகள் நிற்பதற்கும், அதில் சொட்டுத் தண்ணீர் இல்லாததற்கும் ஒரே காரணம்தான். என் பட்டியலில் அது இல்லை.

மேலே ஏறியதும் அம்மா கேட்டாள். "அப்போ மக்கா, தண்ணி எங்கதான் நிக்கும்?"

"உளுத்த கல்லுல."

"அது பயறு போட்டிருக்க பள்ளத்துல கெடக்கே. மம்பட்டி பட்டாலே உதிரும்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. குழியை மூடவே ஒரு நாள் ஆனது. பிறகு அம்மாவின் பயற்றங்கொடிகளைப் பிடுங்கினோம்.

அங்கே கல் கையிலேயே பொடிந்தது. நாலாம் நாள் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியது, செம்மண் நிறத்தில். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தெளியட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் சர்ச் பைப்புக்குப் போக வழக்கம்போல் இரண்டு குடங்களை எடுத்தாள். ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன்.