என் மெஸ் இன்டர்நெட்டில் ஏறிய வாரம்

வெப்சைட் செய்வது எப்படி என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படிப்பும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். பொறுமை இருக்கிறவன் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவான். எனக்கு இரண்டுமே கிடையாது. ஐந்தாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் புனேவில் வாகட் பக்கத்தில் மெஸ்ஸுக்கென்று தமிழில் முதன்முதலாக வெப்சைட் போட்டவனும் நான்தான். எனக்கு முன்னால் யாராவது போட்டிருந்தால் வந்து சொல்லட்டும். இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த எனக்குப் புனேவில் கிடைத்த முதல் வேலை, தாபோடியில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுவது. கை முழுக்கச் சாம்பல், முதலாளியின் வாய் முழுக்க வசவு. தொண்ணூறுகளில் அதைத் தலைமுழுகிவிட்டுத் தள்ளுவண்டி போட்டேன். வண்டி நன்றாக ஓடியது. நான் இறங்கினால் எதுதான் ஓடாது? பிறகு ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்காக வாகட்டில் அடுக்குமாடிகள் எழும்பின. அதில் ஒன்றின் கீழே கடை எடுத்து மெஸ் வைத்தேன். நான் வைத்தேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரி முறைப்பாள். சமையல் அவள்; மற்றதெல்லாம் நான்.

ஒரு வருடம் போல நன்றாகப் போனது. அப்புறம் கம்பெனிகள் உள்ளேயே கேன்டீன் திறந்துவிட்டன. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளே இல்லை. ராத்திரிக் கூட்டத்தை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியுமா? கடையின் சொந்தக்காரர், மராத்தியில் மாலக் என்பார்கள், ஒரு நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மொபைல் கடைக்காரன் ஒருவன் இந்த இடத்தைக் கேட்கிறான், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். கடை போனால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மறுபடியும் இன்னொருத்தன் கேன்டீனில் போய் நிற்பது. அந்த வயதில், அத்தனை வருடம் முதலாளியாக இருந்துவிட்டு! அன்றிலிருந்து எனக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. சாப்பிடுகிறவர்களின் இலைக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் தினமும் ராத்திரி சாப்பிட வருகிற ஒரு மதுரைத் தம்பி பேச்சுக் கொடுத்தார். கம்பெனியில் இன்ஜினியர்.

"அண்ணாச்சி, எங்க புராஜெக்ட்ல எல்லாரும் சென்னையில இருந்து மாத்திவிட்ட ஆளுங்கதான். கேன்டீன் ரொட்டியப் பிச்சுப் பிச்சு கையே வலிக்குது. தினமும் லன்ச்சுக்கு வெளியில இருந்து டப்பா எடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். பிம்ப்ரியில ஒரு கேட்டரிங்காரன் இருக்கான், வெப்சைட்லாம் வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை காலையில மீட்டிங்ல திரையில போட்டுப் பாத்து முடிவு பண்றாங்க. உங்களுக்கு வெப்சைட் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

அன்று திங்கட்கிழமை.

அவர் கை கழுவப் போனதும் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்குன்னு சொல்லுதீயளே, எங்கன இருக்கு?"

"வெள்ளிக்கிழமை இருக்கும்."

"வெப்சைட்டுன்னா என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிரும்."

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு மராத்திக்கார அம்மா நெட் கடை வைத்திருந்தார். நான் வஹினி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். ஊருக்குப் பேசவும், பஸ் டிக்கெட் பார்க்கவும் அங்கே போய்ப் பழக்கம். ஜன்னலோரம் இருந்த மூன்றாவது மெஷினைப் பிடித்துக்கொண்டேன். பக்கம் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று அதில் இருந்தது. வெள்ளைத் தாள் மாதிரி ஒரு ஜன்னல் திறக்கும். எழுத்து வேண்டுமா, அடிக்கலாம். படம் வேண்டுமா, இழுத்துவந்து போடலாம். தொடங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது. எந்த வெப்சைட்டையும் திறந்து, மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் 'வியூ சோர்ஸ்' என்று வரும். அதைத் தட்டினால் அந்தப் பக்கத்தின் அடிவயிறு தெரியும். இங்கே தடித்த எழுத்து, இங்கே சிவப்பு, இங்கே படம் என்று எல்லாம் குறிகளாக எழுதியிருக்கும். அதை எடுத்து நோட்பேடில் போட்டு, ஒரு குறியை மாற்று, சேமி, திறந்து பார். மறுபடி மாற்று. எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அந்த அடிவயிற்றைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும்.

என் பக்கத்தில் பின்னணி சிவப்பு, எழுத்து மஞ்சள். மேலே 'வருக வருக' வலமிருந்து இடமாக ஓடும். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு சுடர்விட்டு ஆடும். அடியில், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர். காலையில் காய்கறி வாங்கப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, மாவு அரைபடும்போது ஒரு தடவை என்று போய்ப் பார்ப்பேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"எத்தன பேரு பாத்திருக்கான் பாத்தியா," என்றேன் வீட்டுக்காரியிடம்.

"பாதி நீங்கதான்."

"பாதி நான்னே வச்சுக்க. மீதி?"

"அதுவும் நீங்கதான்."

மெனுவை ஆங்கிலத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. சொதியை ஆங்கிலத்தில் எழுதினால் யாருக்கு நாக்கு ஊறும்? தாபோடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற தமிழ் ஆள் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் தமிழ் எழுத்து உள்ள ஒரு சிடி வாங்கிவந்து, மூன்றாவது மெஷினில் ஏற்றினேன். ஃபான்ட் என்பார்கள். உருண்டை உருண்டையாக, கோயில் வாசலில் எழுதியது மாதிரி எழுத்து. அதில் திங்கள் முதல் வெள்ளி வரை மெனு அடித்தேன். இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு வெப்சைட்டில் செவ்வாய்க்கிழமையே பெயர் பதிந்து, பாதிப் பக்கத்தை ஏற்றியிருந்தேன்; வியாழக்கிழமை சாயங்காலம் மெனுவோடு முழுதாக ஏற்றினேன். ஏற்றுவது என்றால், நம் மெஷினில் இருக்கிற கோப்பை, எங்கோ ராப்பகலாக அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு மெஷினுக்கு அனுப்பி வைப்பது. அதற்குச் சர்வர் என்று பெயர். யார் நம் முகவரியை அடித்தாலும் அந்தச் சர்வர்தான் எடுத்துக் கொடுக்கும். முகவரியை மதுரைத் தம்பியிடம் எழுதிக் கொடுத்தேன். என் பக்கம் தயார். பிம்ப்ரிக்காரனை நினைத்து எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன குழம்பு? யூ ஆர் கே செமிகோலனா?"

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம்.

"என்ன தம்பி சொல்லுதீய?"

"உங்க பக்கத்துல அப்படித்தான் இருக்கு. வெளக்கு ஆடுது, வருக வருக இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் ஓடுது. மெனு முழுக்க அப்படியே. மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கலாம்னு திறந்தேன். பதினோரு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க. சீக்கிரம் பாருங்க."

கையில் கத்தியோடு நெட் கடைக்கு ஓடினேன். வஹினி பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மூன்றாவது மெஷினில் திறந்தேன். அழகாக, சுத்தத் தமிழில் இருந்தது. மூடினேன், திறந்தேன். தமிழ். தம்பி விளையாடுகிறாரா? எழுந்து போய் முதல் மெஷினில் முகவரியை அடித்தேன். அங்கே, ரசம் என்று இருக்க வேண்டிய இடத்தில், யூ, ஆர், கே, ஒரு அரைப்புள்ளி. இரண்டாவது மெஷினிலும் அதே. மூன்றாவதில் தமிழ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான் போய்ப் போய் வந்ததில் பக்கத்தில் பரீட்சை முடிவு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"அண்ணா, பஸ் கரோ! கீபோர்டு டூட் ஜாயேகா," என்று வஹினி கத்தினார். போதும், கீபோர்டு உடைந்துவிடும் என்கிறார். இங்கே என் கடையே உடைகிறது.

ஒரே பக்கம். ஒரே சர்வர். மூன்று மெஷின்களில் ஒன்றில் மட்டும் தமிழ். அதில் மட்டும் நான் என்ன செய்தேன்? சிடி போட்டேன்.

இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வர் சமைத்த சாப்பாட்டை அனுப்புவதில்லை. செய்முறைச் சீட்டை அனுப்புகிறது. அதைப் பார்த்துச் சமைப்பது பார்க்கிறவனின் கம்ப்யூட்டர். என் சீட்டில் 'ர' என்று இல்லை, வெறும் ஒரு எண்தான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு 'ர' என்று உருவம் கொடுப்பது அவன் மெஷினில் இருக்கிற ஃபான்ட். அவன் வீட்டில் புளி இல்லை என்றால் என் சீட்டை வைத்துக்கொண்டு அவன் எந்த ரசத்தை வைப்பான்?

தம்பியைக் கூப்பிட்டேன். "சிடி கொண்டாரேன், உங்க மெஷின்ல போட்டிருங்க."

"ஆபீஸ் மெஷின்ல எதையும் ஏத்த விடமாட்டான் அண்ணாச்சி. கேட்டுக்குள்ளயே சிடி வராது."

போனை வைத்துவிட்டு நடந்தேன். கடைக்கு வந்தேன். குழம்பு கொதித்தது. "இந்தாங்க, வெங்காயம் எங்க?" என்றாள் வீட்டுக்காரி. "கத்தி எங்க?" கத்தி வஹினியின் மேசையில் இருந்தது. திரும்ப ஓடினேன். செய்முறையை அனுப்பினால்தானே புளி வேண்டும்? பார்சலையே கட்டி அனுப்பிவிட்டால்? குத்துவிளக்கு எல்லா மெஷினிலும் ஒழுங்காகத்தான் ஆடியது. ஏனென்றால் அது படம். படம் சமைத்த சாப்பாடு.

மூன்றாவது மெஷினில் படம் வரைகிற சாஃப்ட்வேரைத் திறந்து, அதில் மெனுவை அதே எழுத்தில் அடித்து, படமாகச் சேமித்தேன். நாளுக்கு ஒரு படம். முடிகிற வாரத்தின் மெனு இனி எதற்கு? வரப்போகிற திங்களிலிருந்து போட்டேன். ஓடுகிற 'வருக வருக'வைத் தூக்கினேன். பழைய எழுத்தையெல்லாம் அழித்துவிட்டுப் படங்களைச் செருகி, சர்வருக்கு ஏற்றினேன். எழுத்து காற்று மாதிரிப் போகும், படம் கனம். எவ்வளவு ஏறியது என்று காட்டுகிற நீலக் கோடு பாதியில் நின்றது. மெல்ல நகர்ந்தது. மறுபடி நின்றது. நான் எழுந்து நின்று அதை முறைத்துக்கொண்டே இருந்தேன். முறைத்தால் போகும் என்று இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏறியது. முதல் மெஷினில் பார்த்தேன். தமிழ். இரண்டாவதில் தமிழ். போன் போட்டேன்.

"தம்பி, இப்பப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். அதே யூ ஆர் கேதான் ஓடுது."

"இங்கன எல்லா மெஷின்லயும் வருதே!"

"இருங்க, இருங்க. எங்க ஆபீஸ்ல நடுவுல ஒரு மெஷின் இருக்கு. ஒரு தடவ பாத்த பக்கத்த அது காப்பி எடுத்து வச்சுக்கும். அந்தப் பழைய காப்பியத் தூக்கிக் காட்டுது. நான் புதுசாக் கேக்குறேன், லைன்ல இருங்க."

விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாற்காலிகளை இழுக்கிற சத்தம். ஆட்கள் உள்ளே வருகிறார்கள். நான் நெட் கடைப் படியில் நின்று போனைக் காதோடு அழுத்தியதில் காது சுட்டது. யாரோ பிம்ப்ரிக்காரனின் பக்கத்தை முதலில் போடச் சொன்னார்கள். போட்டார்கள். "பனீர், பனீர், திரும்பவும் பனீர்," என்று ஒருவர் வாசித்தார். மறுபடியும் விசை. மறுபடியும்.

"வந்துருச்சு," என்றார் தம்பி.

யாரோ உரக்க வாசித்தார்கள். "திங்கள், உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். செவ்வாய், சொதி, இஞ்சிப் பச்சடி."

"ஏய், உளுந்தஞ்சோறா?" ஒரு பெண் குரல். "யாருப்பா இவரு, எங்க ஊர்க்காரரா? இந்தப் புனேயில யாரு உளுந்தஞ்சோறு போடுதா?"

"வெளக்க எடுக்கச் சொல்லுப்பா, கண்ணு கூசுது," என்று இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். முதல் போனில் கேட்ட சிரிப்பு மாதிரி இல்லை இது.

தம்பி போனை வாயருகே கொண்டுவந்தார். "அண்ணாச்சி, திங்கள்ல இருந்து அனுப்புங்க. டீம் முழுக்க."

மாலக்கிடம் நேராகப் போய், மொபைல் கடைக்காரனுக்கு வேறு இடம் பாருங்கள் என்றேன். அவர் சரி என்று தலையாட்டியதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. கடைக்கு வந்து வீட்டுக்காரியிடம் திங்கள் மெனுவோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"உளுந்தஞ்சோறுன்னா போட்டீய?"

"ஆமா."

"எள்ளுத் துவையலும்?"

"ஆமா."

"நம்ம கடையில என்னைக்கு உளுந்தஞ்சோறு போட்டிருக்கோம்? அத்தன பேருக்குக் கருப்பு உளுந்துக்கு நான் எங்க போவேன் இங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை. பக்கம் நன்றாக இருக்க வேண்டுமே என்று போட்டது. பையை எடுத்துக்கொண்டு, உளுந்து தேடிப் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறினேன். சீட் காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டே போனேன்.