தெளிவைக் கொட்டிய புட்டி

அத்தை பத்தொன்பது வருடங்களாக மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறாள். ஓரம் பிசகாது. அதனால் அங்கே அவள் பெயர் ‘ஸ்கேல்’. இந்த மழைக்காலத்தில் போர்வைகளில் தங்கிய வெளுக்கிற பவுடர் அவள் கைகளைப் புண்ணாக்கிவிட்டது. விரலிடுக்கெல்லாம் அரிப்பு, வெடிப்பு. வெள்ளிக்கிழமை நர்ஸ் எல்லோர் கைகளையும் பார்ப்பார். புண் இருந்தால் துணியைத் தொட விடமாட்டார்கள். மாமா படுக்கையில் கிடக்கிறார். அத்தையின் கை நின்றால் அடுப்பும் நிற்கும்.

அரிப்பு அடங்க மருந்துக்கடையில் ரோஸ் நிற லோஷன் வாங்கினாள். ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த புட்டியில் மேலே தண்ணீர், அடியில் வண்டல். துணிக்குக் கஞ்சி போடுகிறவர்கள் தெளிவை இறுத்துவிட்டுக் கெட்டியைத்தானே எடுப்பார்கள்? அப்படியே செய்தாள். கெட்டியை வெடிப்புகளில் அப்பி, மேலே ரப்பர் கையுறை மாட்டி எட்டு மணி நேரம் வேலையில் நின்றாள். மூன்று நாள்.

“என்ன ஸ்கேல் அக்கா, கைக்கு மேக்கப்பா? பொண்ணு பார்க்க வர்றாங்களா?” என்றாள் இஸ்திரி போடுகிறவள்.

“வர்றவன் எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகணும். அதான்டி கண்டிஷன்.”

எரிவது மருந்து வேலை செய்வதால் என்று நம்பினாள். வியாழன் மாலை கையுறையோடு தோலும் உரிந்து வந்தது. அப்போதுதான் புட்டியை, வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த என்னிடம் நீட்டினாள். எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

“நல்லா குலுக்கிட்டு, மெல்லிசா தடவி, காய விடணுமாம் அத்தை. வெடிப்பு, புண்ணு மேல போடக் கூடாது. மூடி வைக்கக் கூடாது. எரிஞ்சா கழுவிட்டு டாக்டரைப் பார்க்கணும்.”

“குலுக்கணுமா? நான் தண்ணியைக் கொட்டிட்டேனே.”

“இப்பவே டாக்டர்கிட்ட போலாம் அத்தை.”

“போனா லீவு எழுதிடுவார். நாளைக்கு மட்டும் தாண்டிட்டா போதும்.”

தாண்டவில்லை. நர்ஸ் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கழுவிக் கட்டுப்போட்டு, இரண்டு வாரம் துணி தொடக் கூடாது என்றாராம். சூப்பர்வைசர் அங்கேயே வேறு ஆளுக்குப் போன் போட்டாராம்.

“ரெண்டு வாரம்தானே சார்? என் மேஜையை யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“பார்க்கலாம்மா.”

வீட்டுக்கு வந்ததும் அத்தை மாமாவின் போர்வையை உதறி மடிக்கப் பார்த்தாள். கட்டுப்போட்ட விரல்களில் பிடி நிற்கவில்லை, ஓரங்கள் சேரவில்லை. நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

“விடு,” என்றாள். மறுபடியும் உதறினாள்.