அக்செப்ட் பண்ணிராதட்டி

பேட்டையிலிருந்து டவுண் போகும் பஸ்ஸில் இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், கல்லூரியில் என்னோடு படித்தவள். பெயர் போடமாட்டேன். ஒரு முறை அவளைக் காட்டிக் கொடுத்தது போதும்.

இப்போதிருக்கிற எதுவும் வருவதற்கு முன்னால் நாம் எல்லாரும் விழுந்து கிடந்த அந்த நட்பு இணையதளம் ஞாபகம் இருக்கும். பிரவுசிங் சென்டரில் அதற்காகவே வரிசை நிற்கும். தோழியைப் பாராட்டி டெஸ்டிமோனியல் எழுதினால், அவள் அக்செப்ட் கொடுத்த பிறகுதான் அது மற்றவர்கள் கண்ணில் படும். அதனால் ரகசியங்களை அதில்தான் எழுதுவோம். கடைசி வரி எப்போதும் "அக்செப்ட் பண்ணிராதட்டி."

இவள் தான் ஒருவனைக் காதலிப்பதை அப்படி எனக்கு எழுதி அனுப்பினாள். நேரம் முடிகிற அவசரத்தில் நான் அக்செப்டை அழுத்திவிட்டேன்.

மறுநாள் அவள் அண்ணன் பார்த்தான். படிப்பு நின்றது. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

பஸ்ஸில் அவள் கோபப்படவில்லை.

"அந்த சைட்டு இப்பம் இருக்காட்டி?"

"எல்லாரும் வேற வேற எடத்துக்குப் போயிட்டாங்க. பொறவு மூடிட்டாங்க."

"அப்பம் நான் எழுதுனது?"

"அழிஞ்சிட்டு."

"ஒருக்கா படிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. என்ன எழுதுனேன்னே மறந்துட்டு."

எனக்கு ஒரு வரி விடாமல் ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை. டவுண் வந்ததும் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், இங்கே அவளிடமிருந்து நட்பு அழைப்பு. அக்செப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களாக இருந்தால் அழுத்துவீர்களா?