இரண்டு குழாய்களில் ஒரே கோடு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கிரைண்டர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாவுக்கு அல்ல, ரத்தத்துக்கு.

ரத்தத்தில் கலந்திருக்கும் புரதங்களைப் பிரிக்க ஜெல் வேண்டும். கடல்பாசி காய்ச்சி உறையவைத்தது போல இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் புரதங்கள் தத்தம் வேகத்தில் நகர்ந்து தனித்தனிக் கோடாக நிற்கும். விண்வெளியில் ஈர்ப்பு இல்லாததால் சூடேறிய நீர் மேலே கிளம்பிக் கோடுகளைக் கலைக்காது; நீர்த்த ஜெல்லே போதும் என்கிறார்கள். தேனியில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிப் பார்ப்பது? குழாயைப் படுக்கவைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதற்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அப்படிச் சுற்ற, அந்த மோட்டாரை வைத்து லேத் பட்டறையில் சொல்லிச் செய்த கருவி அது.

ரத்தத்துக்கு எங்கே போவது? வீட்டுக்குத்தான். பரிசம் போட்ட வாரம் ஆய்வகம் பார்க்க வந்த என் மகனிடமும், அவனுக்குப் பேசிய என் அண்ணன் மகளிடமும் எடுத்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரத்தத்தை உறிஞ்சுறீகளே, அத்தை" என்று அவள் சிரித்தாள்.

இரண்டு குழாய்களிலும், பின்தங்கி மெலிதாக நிற்க வேண்டிய கோடு தடித்து நின்றது. சுற்றுவதால் வந்த கோளாறு என்று நினைத்து, சுற்றாமல் கெட்டி ஜெல்லிலும் ஓட்டிப் பார்த்தேன். அதேதான். இருவருக்குள்ளும் ஒரே ரத்தக் குறை ஒளிந்திருக்கலாம். அவர்களை அது ஒன்றும் செய்யாது. பிறக்கும் பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தால், மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைக்க வேண்டும்.

இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அண்ணனிடம் காட்டினேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்குண்ணே."

மீதியைச் சொல்லுமுன் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பெறகு? ஒரே ரத்தமில்ல! சோசியர் பத்துப் பொருத்தம் பாத்தாக. நீ பதினொண்ணாவதையும் பாத்துட்ட" என்று படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லதுக்கில்லண்ணே. ஆஸ்பத்திரியில ஒருதரம் பாத்துருவோம்."

அவர் பார்வை மாறியது. "ஏம்மா, மகனுக்குப் பெரிய இடம் ஏதும் வந்துருச்சா?"

சுருக்கென்றது. கூடப் பிறந்தவரே அப்படிக் கேட்டபின் பின்வாங்கினேன். "சுத்துற மெஷினுண்ணே, தப்பாக்கூடக் காட்டும்" என்றேன். சுற்றாமல் ஓட்டிப் பார்த்ததைச் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. படித்தவள்தான், ஆனால் கோழை.

கல்யாணம் முடிந்தது. தினமும் காலையில் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நான் கடுகு தாளித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். மறுநாளே அண்ணன் இனிப்போடு வந்தார். பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். அந்தப் படம்தான், கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்.

"தொட்டில் கட்டப்போற எடத்துக்கு மேல மாட்டுங்கம்மா. இதுதான் ராசியான படம்."

மருமகள் ஆணி தேடிப் போனாள்.

"மாட்டாத, ஆத்தா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. நீயும் அவனும் ரத்தம் குடுக்கணும்."

"மறுபடியும் உறிஞ்சப் போறீகளா, அத்தை?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.